பெரக்கிராசி வீட்டுக் காரில் அடிச்ச நாத்தம்

போன ஞாயித்துக்கிழமை கட்டுகஸ்தோட்டைக் கல்யாணத்துக்குப் போறப்போ வாடகைக் கார்ல நான் செஞ்ச வேலைக்கு, இன்னும் என்னைய திட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க, நாலு கிழவிகளும் ஒண்ணா சேந்துக்கிட்டு. ஏறி உக்காந்த ஒடனே மூக்க உறிஞ்சி, "தம்பி, இந்த சீட்டத் தூக்கிப் பாத்தீங்களா?"ன்னு கேட்டுட்டேனாம். அந்தப் பையன் மூஞ்சி சுருங்கிப் போச்சாம். நாலு பேரு மத்தியில அவன அவமானப்படுத்திட்டேனாம். வயசாக ஆக எனக்கு வாய் நீளுதாம்.

நீளட்டும். இப்ப கொஞ்சம் நான் சொல்றதக் கேளுங்க. நீங்கல்லாம் என் செட்டு. ஒரே பைப்படியில சண்ட போட்டு தண்ணி புடிச்சவங்க நாம. எங்கப்பாவ உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அவரு ஏன் பெரக்கிராசி வீட்டு வேலைய விட்டாருன்னு உங்கள்ல ஒருத்திக்கும் சரியாத் தெரியாது. "என்னமோ நாத்தமாம்"னு லயத்து வரிசை வீடு பூரா பேசுனது மட்டும்தான் தெரியும். அந்தப் பேச்சுக்கு நான் இத்தன வருஷமா பதில் சொல்லல. இன்னைக்கு சொல்லிடுறேன்.

எங்க லயத்துலயே மொத மொதல்ல ஸ்டீரிங் புடிச்சவரு எங்கப்பா. அவரோட அப்பா குப்பை வண்டி தள்ளுனவரு. எங்கம்மா முனிசிபல்ல ரோடு கூட்டுறவ. நம்ம லயம் இருக்குற மஹய்யாவன்னா, கூட்டுறவங்க அள்ளுறவங்கன்னுதானே கண்டி டவுன்ல அன்னைக்கு எல்லாருக்கும் அர்த்தம்? அப்பா மட்டும் பதினாலு வயசுல லொறிக் கிளீனரா ஏறிட்டாரு. கலஹா ரோட்டு வளைவுல எல்லாம் தேயிலைப் பெட்டி மேல உக்காந்து போயி வந்து, கொஞ்சம் கொஞ்சமா ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்தாரு. பிரஜாவுரிமை இல்லாத காலம், ஞாபகம் இருக்கா? நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு நம்ம பேரு எழுதுன காகிதம்னு ஒண்ணு கிடையாது. எங்கப்பாவுக்கு லைசென்ஸ் இருந்துச்சு. சின்னப் புஸ்தகம், உள்ள அவரு போட்டோ. வேலை இல்லாத நாள்ல அம்மா அத எடுத்து சாமி படத்துக்குப் பின்னால வச்சிருவா.

பெரக்கிராசின்னா இப்ப உள்ள புள்ளைகளுக்குத் தெரியாது. கோர்ட்டுல வழக்குப் பேசுற லாயர்தான். இந்த ஐயா யாழ்ப்பாணத்து ஆளு, வீடு குளத்துக்கு மேல மேட்டு ரோட்டுல. டிரைவர் வேணும்னு கேள்விப்பட்டு அப்பா போயி நின்னாரு. "எங்கை இருக்கிறீர்?"னு ஐயா கேட்டாராம். "டவுன்லதான் ஐயா"ன்னாரு அப்பா. அதுல பொய் ஒண்ணும் இல்ல. மஹய்யாவ டவுன்லதானே இருக்கு?

கறுப்புக் காரு. முன்னால ஒரே நீட்டு சீட்டு, வாங்குப் பெஞ்சு மாதிரி. காரு திரும்புறப்போ கதவுத் தூணுல இருந்து சிக்னலுக்கு ஒரு சின்ன மஞ்சக் கை வெளிய நீட்டிக்கிட்டு வரும், திரும்பி முடிஞ்சதும் உள்ள போயிடும். இப்ப அந்தக் கைய எங்க பாக்குறது? எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்தக் கை நீட்டுறதப் பாக்குறதுக்காகவே ஸ்கூல் விட்டு வர்றப்போ ரோட்டோரம் நிப்பேன். ஒரு தடவ அப்பா வேற யாரும் இல்லாத நேரமாப் பாத்து என்னைய ஏத்தி குளத்தச் சுத்திக் கொண்டு போனாரு. ரெக்சின் வாசம், பெட்ரோல் வாசம், ஐயா குடிக்கிற சுருட்டு வாசம். அவ்வளவுதான் அந்தக் காருல இருந்துச்சு. இத ஞாபகம் வச்சிக்கங்க.

ரெண்டு வருஷம் ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு. கெடுத்தது நான்தான்.

பெரஹெரா காலம். ஸ்கூல் லீவு. ராத்திரி யானை எல்லாம் ஊர்வலம் போயி முடிஞ்சா, விடியக்காலம் நம்ம ஆளுங்க எறங்கணும். ரோடு பூரா யானை லத்தி, கடலைத் தோலு, பந்தத்துல இருந்து விழுந்த கொப்பரைக் கரி. விடிஞ்சு கடை தொறக்குறதுக்குள்ள ரோடு தொடச்ச மாதிரி இருக்கணும். என்னைய வீட்டுல விட ஆள் இல்லன்னு அம்மா கூடவே கூட்டிக்கிட்டுப் போனா. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துல அம்மா கூட்டிக்கிட்டு இருக்குறா, நான் ஒரு ஓரமா உக்காந்து ஐஸ்பழக் குச்சி பொறுக்கிக்கிட்டு இருக்கேன். கறுப்புக் காரு வருது. மஞ்சக் கை நீட்டுது.

"அப்பா!"ன்னு எந்திரிச்சுக் கத்துனேன். ரெண்டு கையையும் ஆட்டுனேன். "அப்பா! அப்பா!"

அப்பா திரும்பல. நேராப் பாத்துக்கிட்டே போனாரு. பின் சீட்டு ஜன்னல்ல பெரக்கிராசி பெண்சாதி, நாங்க வீட்டம்மான்னு சொல்லுவோம், அவங்க முகம் தெரிஞ்சுச்சு. என்னையப் பாத்தாங்க. அப்புறம் எங்கம்மா கையில இருந்த ஈக்கில் வெளக்கமாத்தப் பாத்தாங்க. அம்மா என் முதுகுல ஒண்ணு போட்டா, போட்டுட்டு அவளே அழுதா. எனக்கு எதுக்கு அடிச்சா, எதுக்கு அழுதான்னு அன்னைக்கு வெளங்கல.

வீட்டம்மா ஒண்ணுமே கேக்கல. அதான் விஷயம். கேட்டிருந்தா அப்பா சொல்லியிருப்பாரு. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயி, வழக்கம்போல பித்தளைச் செம்புல அபிஷேகப் பால் வாங்கிக்கிட்டு மடியில வச்சிக்கிட்டு வந்தாங்க. அப்பா கார விட்டுட்டு சாவியக் குடுத்துட்டு வந்துட்டாரு. அவ்வளவுதான் நடந்துச்சு. அவ்வளவுதான்னு நெனச்சோம்.

அதுக்கு ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சது பேச்சு. காருல ஏறுனதும் வீட்டம்மா சேலைத் தலப்ப மூக்குல வச்சாங்க. "என்ன உது, ஒரு ஊத்தை மணம்?"னாங்க. அப்பாவுக்கும் லேசா அடிச்சுச்சு. எலி செத்திருக்கும்னு நெனச்சு, பொனட்டத் தொறந்து பாத்தாரு, டிக்கியத் தொறந்து ஸ்பேர் டயரத் தூக்கிப் பாத்தாரு, கால் மிதியடி எல்லாத்தையும் உரிச்சு வெயில்ல போட்டாரு. எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா பகல்ல கோர்ட்டு வாசல்ல வெயில்ல நின்ன காரத் தொறந்தா, மூஞ்சில அறையுமாம்.

அப்புறம் மருந்து ஆரம்பிச்சுச்சு. ஊதுபத்தி கொளுத்துனாங்க. வாசத்துக்கு ரம்பை இலைய வெட்டி சீட்டுக்குக் கீழ போட்டாங்க. பூச்சி உருண்டை வச்சாங்க. எலுமிச்சம்பழத்த அறுத்து டேஷ் மேல வச்சாங்க. ஒவ்வொண்ணும் அரை நாள் தாங்கும். அதுக்கப்புறம் ஊதுபத்தி நாத்தமும் சேந்து அடிக்கும். ஒரு நாத்தத்து மேல இன்னொரு வாசத்தப் போட்டா ரெண்டு நாத்தம் ஆகும், இது நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். யாரு நம்மள கேட்டா?

மூணாவது வாரம் வீட்டம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. "டிரைவர் இருக்கிற பக்கம்தான் கூட அடிக்குது"ன்னாங்க. உண்மைதான். அந்தப் பக்கம்தான் அடிச்சுச்சு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அப்பாவுக்கு ஒரு செகப்புக் கார்பாலிக் சவுக்காரம் குடுத்தாங்க. ஓட்ட ஏறுறதுக்கு முன்னால அவங்க வீட்டுப் பின்பக்கக் குழாயில குளிக்கணும். சீட்டு மேல ஒரு பழைய துணி விரிச்சு அதுல உக்காரணும். அந்தத் துணிய வேலைக்காரப் பொம்பள தொட மாட்டாளாம். அப்பாவே தொவைக்கணும்.

எங்கப்பா எதுத்துப் பேசுற ஆளு இல்ல. குளிச்சாரு. துணி விரிச்சாரு. முன் சீட்டக் கழட்டிப் பாக்கட்டுமான்னு ஒரு தடவ ஐயாகிட்ட கேட்டாரு. "கழட்டினா ரெக்சின் கிழிஞ்சிடும், விடும்"னுட்டாரு அவரு. அப்பாவும் விட்டுட்டாரு. அதுக்குள்ள அவரே நம்ப ஆரம்பிச்சிட்டாரு, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. நாத்தம் தன் மேலதான்னு நம்பிட்ட மனுசன் எதுக்கு சீட்டத் தூக்கிப் பாப்பான்?

ஒரு சாயங்காலம், நான் பைப்படியில குடத்த வச்சிட்டு நிக்கிறேன். அப்பா வேலை விட்டு வந்து சுவத்துப் பக்கம் திரும்பி நிக்கிறாரு. சட்டைக் கைய மூக்குல வச்சு மோந்து பாக்குறாரு. அப்புறம் உள்ளங்கைய. அப்புறம் புறங்கைய. நான் ஓடிப் போயி காலக் கட்டிக்கிட்டேன். "தள்ளிப் போம்மா, தள்ளிப் போ"ன்னாரு. கோவத்துல இல்ல. என் மேல அந்த நாத்தம் ஒட்டிக்கும்னு பயத்துல.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஐயா கடைசிப் பேச்ச சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை அவங்க மகளப் பாக்க மாப்பிள வீட்டாரு கொழும்புல இருந்து ரயில்ல வர்றாங்க. ஸ்டேஷன்ல இருந்து அவங்கள ஏத்திக்கிட்டு வரணும். வேற டிரைவர் தேட நேரம் இல்ல. "ஞாயிறு மட்டும் ஓடும். அதோடை நிண்டு கொள்ளும்"னாராம். அப்பா வீட்டுக்கு வந்து லைசென்ஸ எடுத்து சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டு, "திங்கக்கிழமை ஓவர்சியரப் பாக்கணும். குப்பை லொறிக்கு ஆள் எடுக்குறாங்களாம்"னாரு. ஓட்ட இல்ல. அள்ள.

குப்பை அள்ளுறது கேவலம்னு நான் சொல்ல வரல. என்னைய சோறு போட்டு வளத்தது எங்கம்மாவோட வெளக்கமாறுதான். ஆனா ஒரு மனுசன் புடிச்சு ஏறி வந்த ஏணிய, அவன் மேல நாத்தம் அடிக்குதுன்னு பொய் சொல்லித் தட்டி விடுறது இருக்கே, அது வேற.

அப்பதான் அம்மா வாயத் தொறந்தா. "யாரு மேல நாத்தம்? வாங்க இப்பிடி"ன்னு அப்பாவ இழுத்து வெளக்குக்குப் பக்கத்துல நிறுத்துனா. தலைய மோந்தா. கழுத்த மோந்தா. "ஒங்க மேல சவுக்கார நாத்தம்தான்யா வருது, ஆஸ்பத்திரி மாதிரி"ன்னா. அப்புறம் அவரு போட்டிருந்த களிசான் பின்பக்கத்தப் புடிச்சு மோந்தவ, அப்பிடியே நின்னுட்டா. மறுபடி மோந்தா.

எங்கம்மா மூக்கப் பத்தி சொல்லணும். கண்ணக் கட்டிக் கண்டியில எங்க விட்டாலும் எந்தத் தெருன்னு சொல்லுவா. மீன் மார்க்கட்டுச் சாக்கடைக் கான் ஒரு மாதிரி, இறைச்சிக் கடைக் கான் வேற மாதிரி. ஊறிப் போன தேங்காப் பொச்சு மட்டை ஒரு நாத்தம். அழுகுன பூ இனிப்பா அடிக்கும். இருபது வருஷம் அதத்தான் கூட்டியிருக்கா. இதுவும் ஒரு படிப்புத்தான்னு யாராவது ஒத்துக்கிட்டாங்களா?

"இது பாலு"ன்னா. "தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால கான்ல அடிக்குமே, அதே. திரிஞ்சு, காஞ்சு, மறுபடி நனைஞ்ச பாலு. ஒங்க உடம்புல இருந்து வரல. நீங்க உக்காருற எடத்துல இருந்து ஒங்க மேல ஏறியிருக்கு. காருல யாரு பாலு கொண்டு வர்றா?"

"வீட்டம்மா கோயில் பால்தான் கொண்டு வருவாங்க. அதுவும் மூடி போட்டு மடியில. ஒரு சொட்டு சிந்தல. அதோட, அபிஷேகப் பாலு எப்பிடி நாறும்?"ன்னாரு அப்பா. சாமிக்கு ஊத்துன பாலு கெட்டுப் போவும்னு அவருக்கு வாயில சொல்லக் கூட வரல. அந்த வீட்டுல அத்தன பேருக்கும், படிச்ச பெரக்கிராசிக்கும் சேத்து, அதே நெனப்புத்தான்.

"சாமிக்கு ஊத்துனாலும் பாலு பாலுதான்"ன்னா அம்மா.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா காரு கழுவப் போயிட்டாரு. அம்மா வேலை முடிச்சு வந்தவ, என் கையப் புடிச்சா. "குளிச்சு வேற சேலை கட்டிக்கிட்டுப் போவோம்மா"ன்னேன். "ஏன், இந்த சேலைக்கு என்னா?"ன்னா. கால்ல செருப்பு இல்லாம, வேலைச் சேலையோட, என்னைய இழுத்துக்கிட்டு அந்த மேட்டு ரோட்டுல ஏறுனா. பின் கேட்டு வழியாப் போவான்னு நெனச்சேன். முன் கேட்டத் தொறந்தா.

அப்பா கையில ஈரத் துணியோட நின்னவரு எங்களப் பாத்ததும் வெளிறிப் போயிட்டாரு. "இங்க எதுக்கு வந்த?"ன்னு பல்லக் கடிச்சாரு. ஐயா முன் விறாந்தையில கதிரையில உக்காந்து சுருட்டுக் குடிச்சிக்கிட்டுப் பேப்பர் பாக்குறாரு. வீட்டம்மா கதவுக்கிட்ட. எல்லாரும் ஒரே நேரத்துல பேச வாயெடுத்தாங்க.

நான் நிக்கல. டிரைவர் பக்கக் கதவு தொறந்து கெடந்துச்சு. நேரா உள்ள பூந்துட்டேன். நான் கத்துனதாலதானே இத்தனையும்? அந்த நாத்தம் அம்மா சொன்ன மாதிரியே தேத்தண்ணிக் கடைக் கான் நாத்தம். சீட்டுக்கும் சாயுற பலகைக்கும் நடுவுல ஒரு இடுக்கு, பெரியவங்க கை போவாது. என் கை தோள் வரைக்கும் போச்சு. உள்ள அடைச்சிருந்த தேங்காத் தும்பு ஈரமா, கொழகொழன்னு இருந்துச்சு. கைக்குச் சிக்குனத அள்ளி இழுத்தேன்.

மஞ்சளா, தயிர்க் கட்டி மாதிரி ஒரு உருண்டை. உள்ள ரெண்டு அழுகுன பூ. அதோட ஒரு கொத்து அறுகம்புல்லு. அறுகம்புல்லு எங்க போடுவாங்க? புள்ளையாருக்கு. சாமி கழுத்துல கெடந்த புல்லு டிரைவர் சீட்டுக்கு அடியில எப்பிடி வரும்?

ஓடிப் போயி ஐயா மூஞ்சிக்கு நேரா கைய நீட்டிட்டேன். சுருட்டு வாசத்தையும் தாண்டி அது அடிச்சிருக்கணும். பேப்பரக் கீழ போட்டுட்டு எந்திரிச்சிட்டாரு.

"உது என்னப்பா?"ன்னு வீட்டம்மாவப் பாத்து கேட்டாரு.

வீட்டம்மா சேலைத் தலப்ப மூக்குல வச்சிக்கிட்டே, "நான்தான் சுத்திக்கு விட்டனான்"னாங்க. "அபிஷேகப் பாலும் மஞ்சள் தண்ணியும். வெள்ளிக்கிழமையிலை, இவர் போனாப் பிறகு. இவர் இருக்கிற இடத்திலை மட்டும் கொஞ்சம்."

"எத்தினை வெள்ளி?"

"நாலு. மணம் கூடக் கூட, நானும் கூட விட்டனான்."

நல்லாக் கேட்டீங்களா? எங்க தீட்ட கழுவுறேன்னு பால ஊத்தியிருக்காங்க. பாலு நாறியிருக்கு. நாத்தம் எங்களுதுன்னு சொல்லி இன்னும் ஊத்தியிருக்காங்க. எங்கப்பா கார்பாலிக் சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு அந்தப் பால் மேலயே போயி உக்காந்திருக்காரு.

ஐயா கோர்ட்டுல கேக்குற மாதிரியே கேட்டாரு. "முதல் வெள்ளி பால் விடேக்கை காருக்குள்ளை மணம் இருந்ததோ?"

"இருந்தது. இவையள் ஆரெண்டு தெரிஞ்ச அண்டைக்கே எனக்கு மணந்தது."

"மூக்குக்கோ, கண்ணுக்கோ?"

ஐயா சுருட்ட அணைச்சாரு. நல்ல மனுசன், எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நான் பாத்துக்கிட்டே நின்னேன். அவரு சொன்னது என்னா தெரியுமா? "சரி, சீட்டைக் கழட்டிக் கழுவும். நாளைக்குக் கார் வேணும்." அவ்வளவுதான்.

அப்பா ஸ்பேனர எடுக்கக் குனிஞ்சாரு. அவருக்குப் பழக்கம் அது. சீட்டக் கழட்டி வெளிய வச்சாரு. தும்பு பூரா ஊறி, அடியில விரிச்சிருந்த சாக்கும் கறுத்துப் போயிருந்துச்சு. அப்பா வாளிய எடுக்கப் போனாரு. அம்மா அந்தக் கையப் புடிச்சிட்டா.

"நீங்க கழுவக் கூடாது. நானும் கழுவ மாட்டேன்"ன்னா. சத்தம் போட்டுக் கூட சொல்லல. "ஊர்க் குப்பைய நான் சம்பளத்துக்கு அள்ளுறேன். இது ஊர்க் குப்பை இல்ல. ஊத்துனவங்க கழுவட்டும். எப்பிடிக் கழுவுறதுன்னு நான் சொல்றேன்."

வேலைக்காரப் பொம்பள தீட்டுப் பயத்துல எப்பவோ உள்ள போயிட்டா. மறுநாள் காலையில ரயில் வரும். நாத்தத்தப் பத்தித் தெரிஞ்ச ஆளு அந்த வீட்டு வாசல்ல எங்கம்மா ஒருத்திதான். ஐயா வீட்டம்மாவப் பாத்தாரு. வீட்டம்மா சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு எறங்கி வந்தாங்க.

"சுடுதண்ணி வேணாம்மா, பச்சத் தண்ணி. சுடுதண்ணி பட்டா பாலு வெந்து தும்போட ஒட்டிக்கும், அப்புறம் எந்தக் காலத்துக்கும் போவாது. ஆங், அந்த சாக்கத் தூக்கிப் போடுங்க, அது தேறாது. தும்ப பிரிச்சுப் பிரிச்சு அலசுங்க. தண்ணி தெளியுற வரைக்கும்." வீட்டம்மா அலசுனாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு, நாத்தத்துலயோ கோவத்துலயோ தெரியல. "இப்ப வினாகிரி. கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நல்லா ஊத்துங்க. கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் மறுபடி பச்சத் தண்ணி." அம்மா ஒரு தடவ கூடக் குனியல. இடுப்புல கைய வச்சிக்கிட்டு நின்னா. ஓவர்சியர் அவள வேலை வாங்குறப்ப நிக்கிற மாதிரியே நின்னா. அத எங்க கத்துக்கிட்டான்னு எனக்குத்தானே தெரியும்.

சாயங்காலம் வரைக்கும் எல்லாம் வெயில்ல கெடந்துச்சு. காருக்குள்ள ஒரு பனங்கூடையில கரி போட்டு வச்சு, கதவ மூடச் சொல்லிட்டுத்தான் அம்மா படியெறங்குனா. ஞாயித்துக்கிழமை அப்பா அந்தக் கரியத் தூக்கிட்டு, சீட்டப் பூட்டி, மாப்பிள வீட்டார ஏத்திக்கிட்டு வந்தாரு. ஜன்னல ஒருத்தரும் எறக்கச் சொல்லலையாம். ஒரு பெரியவரு முன் சீட்டுல அப்பா பக்கத்துலயே உக்காந்து வழி பூரா பேசிக்கிட்டு வந்தாராம்.

இப்ப உங்க லயத்துப் பேச்சுக்கு வர்றேன். "நாத்தம் புடிச்சவன்னு தொரத்திட்டாங்க"ன்னுதானே பேசுனீங்க? கலஹா தோட்டத்துல இருந்த நம்ம சொந்தக்காரங்களே அத சொல்லி சிரிச்சாங்க, மஹய்யாவன்னா அவங்களுக்கும் ஒரு சுளிப்பு உண்டு. தொரத்தல. அந்தத் திங்கக்கிழமை காலையில ஐயா தானா ஆள் அனுப்பிக் கூப்புட்டு, "நீர் தொடர்ந்து வாரும். நடந்ததை விடும்"னாரு. நான் அப்பா கூடத்தான் போயிருந்தேன். அம்மா வீட்டுல சந்தோசமா இருந்தா, வேலை தப்பிச்சுச்சுன்னு.

அப்பா ஞாயித்துக்கிழமை ராத்திரி கையோட கொண்டு வந்திருந்த சாவிய எடுத்து விறாந்தைச் சுவத்து மேல வச்சாரு. எதுத்துப் பேசாத எங்கப்பா.

"காரு நல்லா இருக்குங்க ஐயா"ன்னாரு. "இனி யாரு ஓட்டுனாலும் நாறாது."

அந்த செகப்பு சவுக்காரம் பாதி மிச்சம் இருந்துச்சு. அதையும் ஒரு காகிதத்துல சுத்திக் கொண்டு வந்திருந்தாரு. சாவிக்குப் பக்கத்துல அதையும் வச்சிட்டு, என் கையப் புடிச்சிக்கிட்டு எறங்குனாரு. வழியில கைய மோந்து பாக்கல. நான் பாத்துக்கிட்டே வந்தேன்.

அதுக்கப்புறம் கஷ்டப்பட்டோம், இல்லைங்கல. ஏழெட்டு மாசம் அம்மா சம்பளத்துலதான் அடுப்பு எரிஞ்சுச்சு. வீட்டுல சண்ட கூட வந்துச்சு, "அந்த ரோசத்த ஒலையில போடுங்க"ன்னு அம்மாவே கத்துனா. அப்புறம் அலவத்துகொட முதலாளி ஒருத்தரு, முஸ்லிம் ஆளு, மரக்கறி லொறிக்குக் கூப்புட்டாரு. "எங்க இருக்கீங்க?"ன்னு அவரும் கேட்டாரு. "மஹய்யாவ முனிசிபல் லயம்"னாரு அப்பா. கண்ண ஏறிட்டுப் பாத்தே சொன்னாரு. சாகுற வரைக்கும் லொறிதான் ஓட்டுனாரு.

இப்ப அந்த வாடகைக் காருக்கு வருவோம். நீங்க அவன் மூஞ்சியத்தான் பாத்தீங்க. நான் அவனுக்குப் பின்னாலயே உக்காந்திருந்தேன். சென்ட்டு எங்க அடிச்சிருந்தான் தெரியுமா? காருக்கு இல்ல. காலருக்கு. கழுத்துல, சட்டைக் கையில, அப்பிடியே ஈரமா. ரெண்டு தடவ சிக்னல்ல காரு நின்னுச்சு, ரெண்டு தடவையும் தோள்ப் பக்கம் தலையத் திருப்பி மோந்து பாத்தான். யாரோ ஏறுனவங்க அவன என்னமோ சொல்லியிருக்காங்க. அதப் பாத்துட்டு நான் வாய மூடிக்கிட்டு கல்யாணத்துக்குப் போவணுமா?

நேத்து போன் எடுத்தான். அவனா நம்பரத் தேடி எடுத்தான். பின் சீட்டத் தூக்கிப் பாத்தானாம். எந்த வாடகைக்கு ஏறுன கைப்புள்ளையோ போட்ட சூப்பிப் போத்தல், மூடி கழண்டு, பாதிப் பாலோட கெடந்துச்சாம். "அம்மா, என்னா செய்யட்டும்?"னு கேட்டான்.

"மொதல்ல போயி அந்தச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வா"ன்னேன். "அப்புறம் பச்சத் தண்ணி எடு. சுடுதண்ணி வேணாம்."